வால்வில் படிந்த கார்பன்: டேங்கில் ஊற்றுவதா, ஸ்பிரே அடிப்பதா, கழற்றித் தேய்ப்பதா?

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வண்டி ஒரு நிமிஷம் உதறுகிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரை அதிர்வு தெரிகிறது. பிக்கப்பும் பழைய மாதிரி இல்லை. மெக்கானிக்கிடம் போனால் "வால்வுல கார்பன் புடிச்சிருக்கும் சார்" என்கிறார். யூடியூபில் தேடினால் ஒருவர் டேங்கில் ஒரு பாட்டிலை ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஏர் ஃபில்டர் குழாய்க்குள் ஸ்பிரே அடிக்கச் சொல்கிறார், மூன்றாமவர் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்றி வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் தேய்க்கிறார். இதில் எது உங்களுக்குச் சரி என்பதைப் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் முடிவு செய்கிறது: உங்கள் எஞ்சினில் பெட்ரோல் எந்த இடத்தில் தெளிக்கப்படுகிறது?

எம்பிஎஃப்ஐ, அதாவது போர்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், காற்று சிலிண்டருக்குள் நுழையும் வழியான இன்டேக் போர்ட்டில் இருக்கும். அது தெளிக்கும் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு, அதைக் கழுவிக்கொண்டேதான் சிலிண்டருக்குள் போகும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் அப்படி இல்லை. இன்ஜெக்டர் நேராக சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. வால்வின் முதுகில் காற்று மட்டும்தான் படும். அந்தக் காற்றும் சுத்தமான காற்று இல்லை. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து பிசிவி என்ற காற்றோட்ட வழியாக வரும் ஆயில் ஆவி அதில் கலந்திருக்கும். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் இஜிஆர் உள்ள எஞ்சினாக இருந்தால் புகைக்கரியும் சேர்ந்துவரும். சூடான வால்வில் இந்த ஆயில் பட்டுப் பட்டு, தோசைக்கல்லின் ஓரத்தில் எண்ணெய் காய்ந்து இறுகிய கருப்பு மாதிரி, அடுக்கடுக்காக ஏறிவிடும். கழுவிவிட அங்கே எதுவும் இல்லை.

ஆகவே முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். மாருதியின் 1.2 கே சீரிஸ், ஹூண்டாய் 1.2 கப்பா, ஹோண்டா சிட்டியின் 1.5 ஐ-விடெக் எல்லாம் போர்ட் இன்ஜெக்ஷன். டர்போ என்று எழுதியிருந்தாலே டைரக்ட் இன்ஜெக்ஷன் என்று நினைத்துவிட வேண்டாம். டாடா நெக்ஸானின் டர்போ பெட்ரோலும் ரெனோ கைகரின் டர்போவும் போர்ட் இன்ஜெக்ஷன்தான். டைரக்ட் இன்ஜெக்ஷன் பக்கத்தில் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ எஞ்சின்கள், ஹூண்டாய், கியாவின் டர்போ ஜிடிஐ (பெட்ரோல் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்பதன் சுருக்கம்), மாருதி ஃப்ரான்க்ஸின் பூஸ்டர்ஜெட், மஹிந்திராவின் எம்ஸ்டாலியன் டிஜிடிஐ ஆகியவை வரும். 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்றவை இன்று நன்றாகக் கிலோமீட்டர் ஓடிய வண்டிகள். இந்தப் பேச்சு இப்போது அதிகமாகக் காதில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கை வைப்பதற்கு முன்னால்

மேலே சொன்ன அறிகுறிகள் எல்லாமே ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் அழுக்கு, எங்காவது கிழிந்த வேக்கம் ஹோஸ் என்று பத்து காரணங்களால் வரலாம். அவையெல்லாம் கார்பனைவிட மலிவாகச் சரியாகிற காரணங்கள். எஞ்சினின் கோளாறுக் கோடுகளைப் படித்துச் சொல்லும் ஓபிடி டாங்கிள் ஒன்றைச் செருகிப் பாருங்கள். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பி0302 என்றால் இரண்டாவதில். அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி, வால்வை விட்டுவிடலாம். காயிலும் பிளக்கும் நன்றாக இருந்து, குளிர்ந்த எஞ்சினில் மட்டும் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங் வந்து, சூடானதும் அடங்கிவிடுகிறது என்றால் கார்பன் சந்தேகம் நியாயமானது.

அப்போதும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. போனில் இணைக்கும் எண்டோஸ்கோப் கேமரா இப்போது ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. த்ராட்டில் பாடியைக் கழற்றி மேனிஃபோல்டு வழியாக விட்டால் சில எஞ்சின்களில் வால்வு வரை போய்விடும். சிலவற்றில் வளைவு தடுக்கும், இல்லையென்றால் உள்ளேயே இருக்கும் இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது) தடுக்கும். வால்வின் தண்டும் தலையும் சேரும் குழிவான இடத்தைப் பாருங்கள். மெல்லிய பழுப்புப் பூச்சு இருந்தால் கவலை வேண்டாம், ஓடுகிற எஞ்சினில் அது இருக்கத்தான் செய்யும். தண்டு தடித்து, வால்வின் வடிவமே தெரியாமல் கருப்புக் கட்டியாக இருந்தால்தான் வேலை.

டேங்கில் ஊற்றும் பாட்டில்

போர்ட் இன்ஜெக்ஷன் வண்டிக்கு இதைவிட எளிய வழி இல்லை. வேலையும் செய்யும். ஆனால் எல்லாப் பாட்டிலும் ஒன்றல்ல. பாலிஈதர்அமீன், சுருக்கமாகப் பிஇஏ, என்ற கிளீனர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டெக்ரான் மாதிரியான பெயர் பெற்ற சரக்குகளில் இருப்பது அதுதான். டேங்க் கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போது ஊற்றி, ஃபுல் டேங்க் போட்டு, அந்தப் பெட்ரோல் தீரும்வரை ஓட்ட வேண்டும். ஆயில் மாற்றப் போவதற்கு முந்தைய டேங்கில் போட்டால் இன்னும் நல்லது. கரைந்து வரும் கழிவில் கொஞ்சம் எப்படியும் ஆயிலில் போய்ச் சேரும்.

சிஎன்ஜி கிட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பெட்ரோல் டேங்கில் ஊற்றிவிட்டு மாதக்கணக்கில் கேஸிலேயே ஓட்டினால் அந்தப் பாட்டில் டேங்கிலேயேதான் கிடக்கும். கேஸ் வால்வைக் கழுவாது. அந்த ஒரு டேங்கையாவது பெட்ரோலில் ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியின் இன்டேக் வால்வுக்கு இதனால் பயன் இல்லை. பாட்டிலில் இருப்பது எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் அது வால்வின் முதுகைத் தொடவே போவதில்லை. இன்ஜெக்டர் முனையும் எரியறையும் சுத்தமாகும், அது நல்லதுதான். ஜிடிஐ இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டால் வருகிற செலவைப் பார்த்தால் அதற்காகவே எப்போதாவது ஒரு பாட்டில் போடலாம். ஆனால் "வால்வு கிளீன் ஆயிடும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பிரீமியம் பெட்ரோலுக்கும் இதே கணக்குதான்.

ஹைட்ரஜன் டீகார்பனைசிங்

சர்வீஸ் சென்டரிலும், சில சமயம் வீட்டு வாசலுக்கே வண்டியில் வந்தும் செய்து தருகிறார்கள். ஒரு மிஷின் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவை உண்டாக்கும். அதை இன்டேக் குழாயில் விட்டு, எஞ்சினை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஐடிலில் ஓடவிடுவார்கள். கடைசியில் சைலன்சரிலிருந்து கொஞ்சம் ஈரம் சொட்டும், "பாருங்க சார், உள்ள இருந்த அழுக்கு" என்பார்கள்.

அந்த வாயு எங்கே எரிகிறது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். சிலிண்டருக்குள், ஸ்பார்க் வந்த பிறகு. இன்டேக் வால்வின் முதுகைக் கடக்கும்போது அது எரியாத வாயுவாகத்தான் கடக்கிறது. எரிகிற நேரத்தில் வால்வு மூடியிருக்கிறது. எரியறையில் ஏதாவது செய்கிறதா என்பதில் வாதம் செய்யலாம். வால்வின் முதுகில் இறுகிய கட்டியை அது எப்படிக் கரைக்கும் என்பதற்கு விளக்கம் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சைலன்சரில் சொட்டும் ஈரமும் பெரும்பாலும் தண்ணீர்தான். பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் வரும், ஹைட்ரஜன் எரிந்தால் கேட்கவே வேண்டாம். என் ஓட்டு இதற்கு இல்லை.

எஞ்சின் ஃப்ளஷ்ஷையும் இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். அது ஆயில் பக்கத்துச் சமாச்சாரம், வால்வின் முதுகுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹைவேயில் ஆர்பிஎம் ஏற்றி விரட்டினால் கார்பன் எரிந்துவிடும் என்பதும் எரியறைக்கு ஓரளவு பொருந்தும் பேச்சு. உள்ளே வரும் காற்று குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் இன்டேக் வால்வின் முதுகு அந்தக் கட்டியை எரிக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு எரியறைக் கரியை உடைத்ததைக் கேள்விப்பட்டு யாராவது முயன்றால் தடுத்து நிறுத்துங்கள். கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

இன்டேக் ஸ்பிரே

டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் வீட்டில் எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய வழி என்றால் இதுதான். ஜிடிஐ வால்வு கிளீனர் என்றே தனியாக விற்கிறார்கள். முறை ஏறக்குறைய எல்லா டப்பாவிலும் ஒன்றுதான். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஒருவர் ஆர்பிஎம்மை 2000 அளவில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இன்டேக் குழாயில் சின்னச் சின்ன வீச்சாக அடிக்க வேண்டும். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் இருக்கும் வண்டியில் சென்சருக்கு அப்புறம்தான் அடிக்க வேண்டும். சென்சர் மேல் பட்டால் அது போச்சு. டப்பா முடிந்ததும் எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஹைவேயில் பத்து நிமிஷமாவது ஓட்டிவர வேண்டும். புகை தாராளமாக வரும். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் செய்தால் அசோசியேஷன் கூட்டம் போட்டுவிடுவார்கள், திறந்த வெளியில் செய்யுங்கள்.

பலன் எவ்வளவு? புதிதாகப் படியத் தொடங்கிய மெல்லிய ஈரப்படிவத்தை இது ஓரளவு இளக்கும். பல வருஷம் இறுகிய கட்டியை மேலாகச் சுரண்டும், அவ்வளவுதான். இன்னொரு சிக்கல், எல்லாச் சிலிண்டருக்கும் சமமாகப் போகாது. காற்றோடு போகும் துளிகள் மேனிஃபோல்டின் வளைவு இழுத்த பக்கம்தான் போகும்.

டர்போ வண்டியில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து அடித்தால் திரவம் டர்போவின் கம்ப்ரசரையும் இன்டர்கூலரையும் தாண்டித்தான் வால்வுக்கு வர வேண்டும். வழியிலேயே பாதி படிந்துவிடும். 1.0 டிஎஸ்ஐ எஞ்சினில் இன்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே, அதாவது த்ராட்டிலுக்கும் வால்வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. த்ராட்டில் வாயில் அடித்தாலும் திரவம் முதலில் நனைப்பது அதைத்தான். இரண்டாவது, பெயர்ந்துவரும் கெட்டித் துணுக்கு எக்ஸாஸ்ட் வழியாக டர்பைன் இறக்கையில் மோதலாம். டர்போ எஞ்சினில் இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு. அதனால் ஸ்பிரேயைப் புது வண்டியிலிருந்தே, படிவு மெல்லியதாக இருக்கும்போது அவ்வப்போது செய்யும் வேலையாக வைத்துக்கொண்டால் அர்த்தம் உண்டு. லட்சம் கிலோமீட்டர் ஓடி, கேமராவில் கட்டி தெரிகிற வண்டிக்கு இது மருந்தல்ல.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வரி: பெட்ரோல் எஞ்சினுக்கான ஸ்பிரேயை ஓடும் டீசல் எஞ்சினில் அடிக்கவே கூடாது. டீசல் எஞ்சின் காற்றோடு வரும் எந்த எரிபொருளையும் தானாகவே பற்றவைத்துக்கொள்ளும், அப்புறம் அதன் வேகம் உங்கள் கையில் இல்லை.

கழற்றித் தேய்ப்பது

கட்டியாகப் படிந்த வால்வுக்கு வீட்டில் நிஜமாகவே பலன் தரும் வழி இதுதான். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, போர்ட் வழியாகவே ஒவ்வொரு வால்வாகச் சுத்தம் செய்வது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. செலவு குறைவு: கிளீனர், நைலான் பிரஷ்கள், புது மேனிஃபோல்டு கேஸ்கெட், போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். நேரம்தான் தாராளமாக வேண்டும். முதல் முறை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.

இறங்குவதற்கு முன் உங்கள் எஞ்சினில் மேனிஃபோல்டு எவ்வளவு சுலபமாக வரும் என்று பாருங்கள். முன்பக்கம் எட்டும் இடத்தில் நான்கைந்து போல்ட்டில் நிற்கிறது என்றால் துணியலாம். 1.0 டிஎஸ்ஐ மாதிரி உள்ளே இன்டர்கூலர் இருந்தால் கூலன்ட் குழாய்களையும் பிரிக்க வேண்டும், பிறகு கூலன்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை (ஏர் லாக்) எடுக்க வேண்டும். ஹை பிரஷர் ஃப்யூயல் லைனைக் கழற்றாமல் மேனிஃபோல்டு வராது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடும்போது அதில் இருப்பது 200 பார், அதைவிடக் கூடவும் இருக்கலாம். பிரஷரை முறையாக இறக்கத் தெரியாதவர் தொடும் இடம் அல்ல அது.

சரி, மேனிஃபோல்டு வந்துவிட்டது. எஞ்சின் ஆறியிருக்கிறது, பேட்டரி நெகட்டிவ் கழற்றியாயிற்று. இனிதான் கவனம் வேண்டும். வேலை செய்யப்போகும் போர்ட்டின் வால்வுகள் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் கரித்துணுக்கு நேராகச் சிலிண்டருக்குள் விழும். கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் வைத்து, எஞ்சின் சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் வால்வு சீட்டில் உட்காருவது தெரியும். எஞ்சின் பற்றும் வரிசையில் (ஃபயரிங் ஆர்டர்) அடுத்த சிலிண்டருக்குப் போக மூன்று சிலிண்டர் எஞ்சினில் 240 டிகிரி, நான்கு சிலிண்டரில் 180 டிகிரி திருப்ப வேண்டும். மற்ற போர்ட்டுகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள், எடுக்கும்போது கணக்குச் சரியாக வர வேண்டும்.

பிறகு போர்ட்டில் வால்வு மூழ்கும் அளவுக்குக் கிளீனரை ஊற்றி விட்டுவிடுங்கள். ஐந்து நிமிஷத்தில் மட்டம் மளமளவென்று இறங்கினால் வால்வு முழுதாக மூடவில்லை, கிராங்கை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். அப்படியே நின்றால் அரை மணி நேரம் ஊறட்டும். கார்புரேட்டர் கிளீனர் ஊற்றினால் ஊறுவதற்கு முன்பே ஆவியாகிவிடும், இன்டேக் வால்வு கிளீனர் போல மெதுவாகக் காய்கிற சரக்கு வேண்டும். ஊறியதும் பிரஷ்ஷால் தண்டைச் சுற்றித் தேய்த்தால் திரவம் காபி டிக்காஷன் நிறத்துக்கு மாறும். இறுகிய இடத்தை மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலோ நிமிண்டி எடுங்கள். ஸ்டீல் வயர் பிரஷ்ஷை டிரில்லில் மாட்டிச் சுற்றுவது வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி உதிர்ந்து சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட்டைக் கழற்றும் நிலை வரலாம்.

அழுக்குத் திரவத்தை எடுக்கும் இடத்தில்தான் பலர் ஆபத்தைக் கவனிப்பதில்லை. வேக்கம் கிளீனரை நேராக வைத்து உறிஞ்சுகிறார்கள். எரியக்கூடிய சால்வென்ட் ஆவி வேக்கத்தின் மோட்டார் பொறியைத் தொட்டால் தீப்பிடிக்கும். மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும், அதன் முனையில் துண்டு டியூப் மாட்டி உறிஞ்சுங்கள். மிச்சத்தைத் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டு, காய்ந்த துணுக்கை மட்டும் வேக்கத்தில் எடுக்கலாம். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை இதையே இரண்டு மூன்று சுற்று செய்ய வேண்டியிருக்கும். கண்ணாடி போல மின்ன வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. வடிவம் திரும்பக் கிடைத்தால் காற்றுக்கு வழி கிடைத்துவிட்டது.

திருப்பி மாட்டும்போது பழைய கேஸ்கெட்டையே போட்டுச் சமாளிக்க வேண்டாம். அங்கே காற்றுக் கசிந்தால் இவ்வளவு பாடுபட்டதும் வீணாகி, அதே உதறல் வேறு காரணத்தால் திரும்ப வரும். மேனிஃபோல்டு பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் போல்ட்டை மேனுவலில் உள்ள டார்க்குக்கு மேல் முறுக்கக் கூடாது. வால்வைத் தாண்டிக் கொஞ்சம் சால்வென்ட் உள்ளே இறங்கியிருக்கும், அதனால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் புகைந்தால் பயப்பட வேண்டாம், சில நிமிஷத்தில் நிற்க வேண்டும்.

வால்நட் பிளாஸ்டிங்

வால்நட் ஓட்டை அரைத்த தூளை 6, 7 பார் காற்றில் வால்வின் மேல் பீய்ச்சி அடிப்பது. ஓட்டுத்தூள் கார்பனை உடைக்கும் அளவுக்குக் கடினம், உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. டைரக்ட் இன்ஜெக்ஷன் தொல்லை தந்த எஞ்சின்களுக்கு பிஎம்டபிள்யூ தன் டீலர்களிடம் செய்யச் சொன்ன முறையும் இதுதான். சுத்தத்தில் இதை மற்ற எந்த வழியும் நெருங்காது. ஒரு போர்ட்டுக்குச் சில நிமிஷம் போதும்.

வீட்டில் செய்யலாமா? செய்யலாம், ஆனால் டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப்பால் முடியாது. பெரிய டேங்க் உள்ள கம்ப்ரசர், பிளாஸ்டிங் துப்பாக்கி, போர்ட் வாய்க்குப் பொருந்தும் அடாப்டர், தூளை உடனுக்குடன் உறிஞ்ச வேக்கம் எல்லாம் வேண்டும். ஒரே ஒரு வண்டிக்காக இவ்வளவையும் வாங்குவதற்குப் பதில் வேலையை வெளியே கொடுத்துவிடுவது மலிவு. மேனிஃபோல்டைக் கழற்றும் வேலை எப்படியும் இதற்கும் உண்டு என்பதால், கழற்றத் தயங்கும் டிஎஸ்ஐ மாதிரியான எஞ்சினுக்கு நான் நேராக இதைத்தான் சொல்வேன். சுலபமாக மேனிஃபோல்டு வரும் வண்டி, கையில் டூல்ஸ், பொறுமை மூன்றும் இருந்தால் கையாலேயே தேய்த்துக்கொள்ளலாம். வாரன்டி ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் வேண்டாம், முதலில் கம்பெனி பார்க்கட்டும்.

எல்லா ஊரிலும் இதைச் செய்யும் இடம் கிடைக்காது. சென்னை, கோவை மாதிரி நகரங்களில் ஜெர்மன் கார்களை மட்டும் பார்க்கும் தனி வொர்க்ஷாப்புகளில் விசாரியுங்கள். கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். மேனிஃபோல்டைக் கழற்றித்தானே செய்வீர்கள்? ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்கைத் திருப்பி வால்வு மூடியிருக்கிறதா என்று பார்ப்பீர்களா? கேஸ்கெட் புதிதுதானே, பில்லில் அது தனியாக வருமா? முன்னும் பின்னும் போர்ட்டின் போட்டோ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகத் தருவீர்களா? "கழற்றவே வேண்டாம் சார், மிஷின் வெச்சாலே போதும்" என்று பதில் வந்தால் அது வால்நட் பிளாஸ்டிங் அல்ல. வேறு கடை பாருங்கள்.